டீசல் பிக்கப்பில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மாற்றும்போது: சூட்டில் நீளும் இரும்புக்கு இடம் விடுங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். வண்டி கொஞ்ச தூரம் ஓடி எஞ்சின் சூடானதும் அது காணாமல் போய்விடும். டேப்பெட் தளர்ந்துவிட்டது, இன்ஜெக்டர் தட்டுகிறது என்று வால்வ் கவரைக் கழற்றுகிறவர்கள் நிறைய. டீசல் பிக்கப்பில் இப்படி வந்து மறையும் சத்தத்துக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி. குளிரில் மேனிஃபோல்டுக்கும் அது பொருந்தும் எஞ்சின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து அதை அடைத்துக்கொள்கிறது. டேப்பெட் சத்தம் இப்படிச் சூட்டில் மொத்தமாக மறைவது அரிது.

உறுதிப்படுத்திக்கொள்ளச் செலவே இல்லை. ஹீட் ஷீல்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு போர்ட்டின் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்) ஓரத்தையும் பாருங்கள். கசியும் இடத்தில் கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) விளிம்பிலிருந்து விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருக்கும். பெரும்பாலும் அது முதல் சிலிண்டரிலோ கடைசிச் சிலிண்டரிலோதான் இருக்கும், அதற்கான காரணத்துக்குப் பிறகு வருவோம். கரி தெரியவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் ஆறிய எஞ்சினில் சைலன்சர் வாய்க்குள் ஒரு வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைத் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, மேனிஃபோல்ட் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. டிபிஎஃப் (புகைக்கரியை வடிகட்டும் பகுதி) பொருத்திய வண்டியில் அந்தப் பக்கமிருந்து காற்று சரியாக ஏறாது. அங்கே டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பைக் கழற்றி அந்த வாயிலிருந்து ஊதினால் முடிவு தெளிவாக இருக்கும்.

இந்தக் கசிவைச் சத்தத் தொல்லை என்று மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது. டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய அழுத்தம் வழியிலேயே வெளியேறுகிறது. பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம், குறைகிறது, டீசல் அதே அளவு போகிறது, எரிக்கக் காற்று போதவில்லை; கரும்புகை வருகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, ஏறிய சூடு மேனிஃபோல்டை இன்னும் வளைக்கிறது. கசிவு கேபினுக்குக் காற்றெடுக்கும் பகுதிக்கு அருகில் இருந்தால் புகையும் உள்ளே வரும். தலைவலியோடு வண்டி ஓட்டுகிற நிலை வந்தால் அந்த வண்டியை நிறுத்திவிட்டு முதலில் இந்த வேலையை முடியுங்கள்.

ஏன் ஓரத்து போல்ட்தான் உடைகிறது

டாட்ஜ் ராம் பிக்கப்களில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினும், 2007-இல் அதன் இடத்துக்கு வந்த 6.7 லிட்டரும் இந்தக் கோளாறுக்குப் பேர்போனவை. நேர்வரிசையில் 6 சிலிண்டர், ஒரு போர்ட்டுக்கு 2 போல்ட் வீதம் 12 போல்ட், நீளமான வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். நீளம்தான் இங்கே வில்லன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் போர்ட்டுக்கும் கடைசிப் போர்ட்டுக்கும் இடைவெளி 600 மி.மீ. என்று வையுங்கள். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.011 மி.மீ. நீளும். சுமை இழுத்து மேடேறும்போது மேனிஃபோல்ட் 500 டிகிரி ஏறினால் நீட்சி 3.3 மி.மீ. அதே நேரம் தண்ணீர் சுற்றும் ஹெட் 70 டிகிரிதான் ஏறியிருக்கும். அதன் நீட்சி அரை மி.மீ.கூட இல்லை. ஆக ஹெட்டை விட மேனிஃபோல்ட் சுமார் 2.8 மி.மீ. கூடுதலாக வளர்ந்திருக்கிறது. நடுவில் நிலையாக நின்றால் ஒவ்வொரு முனையும் 1.4 மி.மீ. வெளியே தள்ளும். 10 மி.மீ. போல்ட் போகும் துளை 12 மி.மீ. என்றால் இருபக்கமும் 1 மி.மீ. இடம்தான் உண்டு. மீதி 0.4 மி.மீ. எங்கே போகும்? போல்ட்டை வளைக்கும், அல்லது மேனிஃபோல்ட் தன்னையே நசுக்கிக்கொள்ளும்.

இந்த இரண்டாவதுதான் பலருக்கும் புரியாத விஷயம். செஞ்சூட்டுக்கு நெருங்கிய இரும்புக்கு வலு குறைவு. முனைகளில் போல்ட் பிடித்துக்கொண்டிருப்பதால் நீள முடியாமல், உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் அமுங்கித் தடித்துவிடுகிறது. ஆறும்போது முழு அளவுக்குச் சுருங்குகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் பழைய நீளத்தை விட ஒரு மயிரிழை குட்டையாகிறது. ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறிய பிறகு, கழற்றிய பழைய மேனிஃபோல்டைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் முனைத் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு உள்ளே வந்திருக்கும். அப்படிச் சுருங்கும்போது குளிரில் முனை போல்ட்டுகளை நடுப்பக்கமாக இழுத்து அறுக்கிறது. போல்ட் தாங்கினால் மேனிஃபோல்டின் காது (போல்ட் துளை உள்ள புடைப்பு) உடைகிறது. சுருங்கிய மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டால் திரும்ப ஹெட்டில் மாட்டுவது பெரும்பாடு. துளையை அரத்தால் நீளமாக்கி மாட்டுகிறவர்கள் கோளாறைச் சில மாதம் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

வி-8 டீசல் பிக்கப்களில் ஒரு பக்கத்துக்கு 4 போர்ட்தான், நீளம் குறைவு, ஆனாலும் இதே கதை சிறிய அளவில் நடக்கும். அங்கே மேனிஃபோல்டிலிருந்து டர்போவுக்கு ஏறும் குழாய்களின் இணைப்புகளும் கசியும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 4 சிலிண்டர் பிக்கப்களில் ஹெட் அலுமினியமாக இருந்தால் விரிவில் வித்தியாசம் கொஞ்சம் குறையும். பதிலுக்கு மரை போய்விடும் அபாயம் கூடும்.

எதை வாங்குவது

முதலில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஒரிஜினல் டியூனில், ஒரிஜினல் டர்போவோடு ஓடும் வண்டியில் மேனிஃபோல்டை மட்டும் மாற்றினால் குதிரைத்திறன் பெரிதாகக் கூடாது. கசிவு நின்றதால் இழந்த இழுவை திரும்பி வரும். அதைத்தான் பலர் ‘புது மேனிஃபோல்ட் தந்த சக்தி’ என்று சொல்கிறார்கள். டீசல் அளவைக் கூட்டிய வண்டிக்கும், அடிக்கடி டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் அகலமான பாதை உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு மேம்பாடு என்பது உடையாமல், கசியாமல் இருப்பதுதான். அந்தக் கண்ணோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று துண்டாக வரும் மேனிஃபோல்ட் நீளமான எஞ்சினுக்கு நல்ல தீர்வு. துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இணைப்பு. பிஸ்டன் ரிங் போன்ற இரும்பு வளையங்கள் கசிவைத் தடுக்கும். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நீளலாம். 600 மி.மீ. துண்டுக்கு 2.8 மி.மீ. தள்ளல் என்றால் 240 மி.மீ. துண்டுக்கு 1.1 மி.மீ.தான், முனைக்கு அரை மி.மீ. போல்ட் துளைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. கணக்கு இவ்வளவு எளிது, பலனும் அப்படியே.

உலோகம் என்னவென்று கேளுங்கள். சாதா சாம்பல் வார்ப்பிரும்பு விலை குறைவு, விரிசல் விடும். முண்டுக் கிராஃபைட் இரும்பு (டக்டைல் அயர்ன்), அதிலும் சுமார் 4 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மாலிப்டினமும் சேர்த்தது, சூட்டைத் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது. வெல்டிங் செய்த ஸ்டீல் மேனிஃபோல்ட் நன்றாகச் செய்தால் பலமானது. ஸ்டெயின்லெஸ் குழாயில் வளைத்துச் செய்த ஹெடர் பார்க்க அழகு. ஆனால் 304 ரக ஸ்டெயின்லெஸ் வார்ப்பிரும்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். அதே 600 மி.மீ.யில் 5 மி.மீ. அதன்மேல் 20 கிலோ டர்போவைத் தொங்கவிட்டுக் கரடுமுரடான சாலையில் ஓட்டினால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் வரும். தனியாக டர்போவுக்குத் தாங்கு சட்டம் இல்லாமல் அதை மாட்டாதீர்கள். தினசரி வேலை வண்டிக்கு எங்கள் தேர்வு தடித்த சுவருள்ள, துண்டுகளாக வரும் வார்ப்பு மேனிஃபோல்ட்தான்.

பாதை பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டர்போவைச் சுற்றுவது ஒவ்வொரு சிலிண்டரும் அனுப்பும் அழுத்தத் துடிப்பு. உள்ளே இடம் அதிகமானால் துடிப்பு பரவி வலுவிழந்து, டர்போ எழத் தாமதமாகும். 6 சிலிண்டரில் 1, 2, 3 ஒரு அறை, 4, 5, 6 இன்னொரு அறை என்று நடுவில் சுவர் இருப்பது இதற்காகத்தான். 1-5-3-6-2-4 என்ற எரிவரிசையில் முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருவதால் ஒன்றின் துடிப்பு இன்னொன்றில் மோதுவதில்லை. டர்போ வாயில் நடுச்சுவர் இருந்தால் மேனிஃபோல்டிலும் இருக்க வேண்டும். டர்போ ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுப் பொருத்தும் தட்டை முகம்) டி-3 அளவா டி-4 அளவா, இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) குழாய்க்கான வாய் அதே இடத்தில் இருக்கிறதா, சூடு அளக்கும் சென்சாருக்கு மரைத்துளை இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இஜிஆர் வாயை அடைத்த மேனிஃபோல்ட் வண்டியின் புகைச் சோதனையையும் எஞ்சின் லைட்டையும் சிக்கலில் விடும்.

போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

பழைய போல்ட் ஒன்றைக்கூடத் திரும்பப் போடக் கூடாது. சூடேறி ஆறி நீண்டுபோன போல்ட், முறுக்கும்போது டார்க் (முறுக்கு விசை) காட்டும், இழுத்துப் பிடிக்காது.

நீளமான போல்ட்டும் அதன் தலைக்குக் கீழே ஒரு இரும்புக் குழல் துண்டும் சேர்ந்து வரும் கிட்டைத் தேடி வாங்குங்கள். அந்தக் குழல் எதற்கு என்று தெரியாமல் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. 43 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய எம்-10 போல்ட் ஏறத்தாழ 21 கிலோ நியூட்டன் விசையில் இழுபட்டு நிற்கிறது. தலைக்கும் மரைக்கும் நடுவே 25 மி.மீ. நீளமிருந்தால் அது நீண்டிருப்பது 0.045 மி.மீ. மட்டுமே. கேஸ்கெட் சூட்டில் 0.04 மி.மீ. அமுங்கினாலே பிடி ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. 30 மி.மீ. குழல் சேர்த்து 55 மி.மீ. ஆக்கினால் நீட்சி 0.1 மி.மீ. கேஸ்கெட் அதே அளவு அமுங்கினாலும் பாதிக்கு மேல் பிடி மிச்சம். பக்கவாட்டில் மேனிஃபோல்ட் தள்ளும்போது நீளமான போல்ட் ஒடியாமல் வளைந்தும் கொடுக்கும்.

புது மேனிஃபோல்டின் ஃபிளாஞ்ச் தடிமன் பழையதிலிருந்து மாறுபடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு கம்பியை ஹெட்டின் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். போல்ட் நீளத்திலிருந்து ஃபிளாஞ்ச், கேஸ்கெட், குழல் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது, துளையின் ஆழத்தை விடக் குறைந்தது 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் அடியில் முட்டி நிற்கும். ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும். மேனிஃபோல்ட் தளர்வாகவே இருக்கும். மறுபக்கம், வார்ப்பிரும்பு ஹெட்டில் 15 மி.மீ., அலுமினிய ஹெட்டில் 20 மி.மீ. அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். சில எஞ்சின்களில் துளையின் அடி தண்ணீர்ப் பாதைக்குள் திறந்திருக்கும். கழற்றும்போது கூலன்ட் வழிந்தால் திடுக்கிட வேண்டாம், திரும்பப் போடும்போது மரைக்குச் சீலன்ட் தடவ வேண்டும்.

கழற்றுவது

வேலைக்கு மூன்று நாள் முன்பே பெனட்ரேட்டிங் ஆயில் அடிக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மாலையும் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போல்ட் தலையின் கீழும், ஃபிளாஞ்சின் பின்பக்கம் எட்டும் இடங்களிலும் அடிக்க வேண்டும். கொதிக்கும் மேனிஃபோல்டில் அடித்தால் ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

வேலை நாளன்று பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டையும் கழற்ற வேண்டும். காற்றுக் குழாய்கள், ஹீட் ஷீல்ட், டவுன்பைப், டர்போவின் ஆயில் ஊட்டுக் குழாய், ஆயில் இறங்கும் குழாய், தண்ணீரில் குளிரும் டர்போவானால் கூலன்ட் குழாய்கள், இஜிஆர் இணைப்பு என்ற வரிசையில் போகலாம். திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே டேப்பால் ஒட்டி மூடுங்கள். கந்தல் துணியைத் திணித்தால் எண்ணி வையுங்கள். மறந்த ஒரு துணி டர்போவைத் தின்றுவிடும். டர்போவை முதலில் தனியாக இறக்குவது நல்லது. மேனிஃபோல்டோடு சேர்த்துத் தூக்க நினைத்தால் 40 கிலோவுக்குப் பக்கத்தில் வரும் எடையை என்ஜின் பேயின் நடுவில் குனிந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

மேனிஃபோல்ட் போல்ட்டில் இம்பாக்ட் ரெஞ்சை வைத்து ஒரே அடியாக அடிக்காதீர்கள். ஆறுமுனை சாக்கெட், நீண்ட கைப்பிடி, மெதுவான இழுப்பு. கால் சுற்று கழன்றதும் திரும்ப உள்ளே இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி அரைச் சுற்று. துருப்பொடி மரைக்குள் அரைபட்டு இறுகுவதால்தான் பாதி வழியில் போல்ட் முறிகிறது. கிரீச்சென்ற சத்தம் வந்தால் நிறுத்தி உள்ளே திருப்புங்கள். கையில் ஒரு பஞ்சுத்தன்மை தெரிந்தால், அதாவது ரெஞ்ச் நகர்கிறது, போல்ட் தலை நகர்கிறது, ஆனால் எதிர்ப்பு குறைகிறது என்றால், அது முறியப் போகிறது. அங்கேயே விட்டுவிட்டு, சூடாக்கிக் கழற்றும் வழிக்குப் போங்கள். நடு போல்ட்டுகளைக் கடைசியில் கழற்றினால் மேனிஃபோல்ட் தொங்கி மற்றவற்றை வளைக்காது.

முறிந்துவிட்டதா? மேனிஃபோல்டை எடுத்த பிறகு பாருங்கள். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதி வெற்றி. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளிருந்து நிரப்பி வெல்டிங் வையுங்கள். ஹெட்டின் பரப்போடு ஒட்டி முறிந்திருந்தால் முதலில் ஒரு தடித்த வாஷரை வைத்து அதன் துளை வழியே துண்டோடு பற்றவைத்து, பிறகு வாஷரோடு நட்டைப் பற்றவைக்கலாம். வெல்டிங் எர்த் கிளிப்பை ஹெட்டிலேயே, வேலைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வேறெங்காவது மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாயும். ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றி வையுங்கள். வெல்டிங்கின் சிவப்பு மறைந்ததும் மெழுகைப் போல்ட் துண்டின் வேரில் தொட்டால் உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். உடனே திருகாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டுங்கள். நட் பிய்ந்து வந்தால் சோர்ந்துவிடாமல் இன்னொன்று வையுங்கள். நான்கைந்து நட் போவது சாதாரணம். வரவைப்பது பாதி நட், பாதி அந்தச் சூடு.

அப்படியும் அசையவில்லை என்றால் துளையிட வேண்டியதுதான். கையால் குத்துமதிப்பாக டிரில் செய்தால் முனை வழுக்கி மென்மையான ஹெட் இரும்பைத் தின்றுவிடும். பழைய மேனிஃபோல்ட் ஃபிளாஞ்சைத் திரும்பப் பொருத்தி, போல்ட் துளைக்குள் சரியாக நுழையும் ஒரு குழலை வழிகாட்டியாக வைத்தால் நடுவில் போகும். முனை போல்ட்டுக்கு இதைச் செய்யும்போது மட்டும் மேனிஃபோல்ட் சுருங்கியிருப்பதை நினைவில் வையுங்கள். புதியதை வழிகாட்டியாக வைப்பதே சரி. 5 மி.மீ.யில் தொடங்கி எம்-10-க்கு 8.5 மி.மீ. வரை. அங்கே மரையின் சுருள் மட்டும் மிஞ்சும், கொக்கி முனையால் உரித்து எடுக்கலாம். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் துளையிடும்போதே சில நேரம் துண்டு தானாகக் கழன்று வரும். முறிந்த போல்ட்டுக்குள் திருகி வெளியே எடுக்கும் ஈசி-அவுட்டைத் துருப்பிடித்து இறுகிய போல்ட்டில் முயலவே வேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் எதுவும் அதில் ஏறாது. ஒரு போல்ட்டுக்காக ஹெட்டையே இறக்கும் நிலை வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

பரப்பும் பொருத்தமும்

ஹெட் முகத்தைப் பிளேடால் சுரண்டி, துணியில் துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். மின்கருவியில் உரசும் பட்டை வேண்டாம். அதிலிருந்து உதிரும் தூள் போர்ட்டுக்குள் போய் வால்விலும் டர்பைனிலும் உராயும்; முகத்தையும் ஆங்காங்கே பள்ளமாக்கும். மரைத்துளைகளுக்குப் புது மரை வெட்டும் டேப்பைப் போடாமல் மரை சுத்தம் செய்யும் சேசரைப் போடுங்கள், பிறகு காற்றடித்து அடியில் எண்ணெயும் குப்பையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மேனிஃபோல்டை நம்பி அப்படியே மாட்டாதீர்கள். நேர்ச்சட்டத்தைப் போர்ட் முகங்களின் மேல் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். ஒரே துண்டின் போர்ட்டுகளுக்குள் 0.1 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் சந்தோஷம். 0.2 மி.மீ. நுழைந்தால் மில்லிங் போட்டு வாங்குங்கள். போல்ட்டை இறுக்கினால் படிந்துவிடும் என்று நினைத்தால், முதல் சூட்டிலேயே அந்த வளைவு திரும்பி வரும். கேஸ்கெட்டைப் போர்ட்டின் மேல் வைத்து விளிம்பு பாதைக்குள் நீட்டுகிறதா பாருங்கள். ஹெட்டின் வாயை விட மேனிஃபோல்ட் வாய் ஒரு மி.மீ. பெரிதாக இருப்பதில் தவறில்லை. சிறிதாக இருந்தால் வரும் வாயு அந்தப் படியில் மோதும், அதை மட்டும் அரைத்துச் சரிசெய்தால் போதும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வார்ப்பு மணலோ பிசிறோ ஒட்டியிருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும், நாளைக்கு அது போகும் இடம் டர்பைன் இறக்கை.

எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் இல்லையென்றால் அதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. 1/8 அங்குல என்பிடி (குழாய்களுக்கான கூம்பு வடிவ) மரைக்கு 8.6 மி.மீ. அளவில் துளையிட்டு டேப் போடுங்கள். வண்டியில் மாட்டிய மேனிஃபோல்டில் துளையிட்டால் தூள் டர்போவுக்குப் போகும், மேசையில் வைத்துச் செய்தால் அந்தக் கவலை இல்லை. ஏற்றத்தில் தொடர்ந்து 700 டிகிரியைத் தாண்டவிடாமல் ஓட்டுவதற்கு இந்த மீட்டர்தான் கண்.

மேனிஃபோல்டுக்குச் சூடு தாங்கும் துணிப்பட்டை சுற்றுவது பரவலாக நடக்கிறது. வார்ப்பிரும்பில் அதைச் செய்யாதீர்கள். வெளியே போக வேண்டிய சூடு உலோகத்திலேயே தங்கி, நாம் எதைத் தவிர்க்க மேனிஃபோல்டை மாற்றினோமோ அந்த நீட்சியைக் கூட்டிவிடும். செராமிக் பூச்சு இதற்கு நல்ல மாற்று.

மாட்டுவது

துண்டு மேனிஃபோல்ட் என்றால் வளையங்களின் வாய்கள் ஒரே நேரில் வராமல் எதிரெதிராகத் திருப்பி வைத்து, மெதுவாகச் சேருங்கள். இணைப்பில் சிலிகோன் சீலன்ட் எதுவும் பூசக் கூடாது. அது காய்ந்து துண்டுகளைப் பிணைத்துவிட்டால் வழுக்கும் வசதியே போய்விடும். கேஸ்கெட்டிலும் சீலன்ட் வேண்டாம். எந்தப் பக்கம் வெளியே என்று அதில் குறி இருந்தால் அதன்படி வையுங்கள். தலையில்லாத இரண்டு நீண்ட போல்ட்டுகளை வழிகாட்டி முளையாக ஹெட்டில் போட்டுக்கொண்டால் கேஸ்கெட்டும் மேனிஃபோல்டும் நழுவாமல் நிற்கும்.

எல்லா போல்ட்டையும் விரலால் திருகி உட்கார வைத்துவிட்டு, இறுக்கும் முன் ஒவ்வொரு துளைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். சூட்டில் முனைத் துளை வெளிப்பக்கமாக நகரும். ஆகவே போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே, அந்தத் துண்டின் நடுவை நோக்கிய பக்கத்தில் இடைவெளி இருந்தாக வேண்டும். அங்கே போல்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் துண்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். இந்த ஒரு நிமிடப் பார்வையைத் தவறவிட்டால் விலையுயர்ந்த மேனிஃபோல்டும் முதல் குளிர்காலத்தில் போல்ட்டை அறுக்கும்.

மரை இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மரைக்கு மெல்லத் தடவுங்கள். கம்மின்ஸ் 5.9, 6.7 இரண்டுக்கும் போல்ட் டார்க் 43 நியூட்டன் மீட்டர். வேறு எஞ்சினுக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். போல்ட் கிட்டோடு தனி அளவு தந்திருந்தால் அதுவே செல்லும். டர்போ உட்காரும் துண்டை முதலில் இறுக்கி, பிறகு வெளித் துண்டுகளுக்குப் போங்கள். நடுவிலிருந்து முனைகளை நோக்கி, 15, 30, 43 என்று மூன்று சுற்று. ஒரே சுற்றில் முழு டார்க் போட்டால் ஃபிளாஞ்ச் ஒரு மூலையில் சாய்ந்து உட்காரும், பிறகு எத்தனை முறுக்கினாலும் நிமிராது.

டர்போ வெளியே இருக்கும்போதே அதன் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். இறக்கை வீட்டுச் சுவரை உரசுகிறது என்றால் மேனிஃபோல்டோடு அதற்கும் வழி பார்க்க வேண்டும். திரும்ப மாட்டியதும் ஆயில் ஊட்டுத் துளைக்குள் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி தண்டைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். ஊட்டுக் குழாயைப் புது வாஷரோடு மாட்டிய பிறகு, டீசல் போகாதபடி நிறுத்திவைத்து ஆயில் அழுத்தம் தெரியும் வரை ஸ்டார்ட்டரை 10 விநாடி, இடைவெளி, மறுபடி 10 விநாடி என்று சுற்றவிடுங்கள். உலர்ந்த பேரிங்கோடு ஓடும் சில விநாடிகளே டர்போவுக்குப் போதுமான சேதம்.

முதல் ஸ்டார்ட்டில் புகை வரும். பெயின்ட்டும் கை எண்ணெயும் எரிவதுதான். திறந்த வெளியில் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு, ஆயில், கூலன்ட் கசிவைப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் மிதமாக ஓட்டிவிட்டு இரவு முழுக்க ஆறவிடுங்கள். மறுநாள் காலையில், கையை வைத்தால் சில்லென்று இருக்கும்போது, அதே வரிசையில் அதே 43-க்கு டார்க் போட வேண்டும். ஒவ்வொரு போல்ட்டும் கொஞ்சம் ஏறும். முனை போல்ட்டுகள் கூடுதலாக ஏறும். 1000 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது இறுக்கினால் அளவு பொய் சொல்லும், மரையும் பிய்யும்.

வழுக்கும் இணைப்பில் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெல்லிய கரிக்கோடு தெரிவது கோளாறில்லை, வளையங்களுக்கு நடுவே கரி அடைந்ததும் அது நின்றுவிடும். போர்ட் ஓரத்தில் கரி தெரிந்தால் மட்டும் கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் போர்ட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றி அடியில் முட்டிய தடயம் இருக்கிறதா என்று முனையைப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த முனை தெரிந்தால் போல்ட் ஒரு வாஷர் அளவுக்கு நீளம்.